ஐந்தாம் நம்பர் பார்பி கைக்கு வந்தபோது

கேள்வி: 1961ஆம் ஆண்டுப் பார்பி ஒன்று உங்களுக்கு வந்திருக்கிறதே, நேரில் எப்படி இருக்கிறது? படத்தில் பார்த்தால் முகம் கடுகடுவென்று இருக்கிறது. கடையில் புதிதாகக் கிடைக்கும் பொம்மையை விட்டுவிட்டு இதற்கு இத்தனை பணம் கொடுக்க அதில் என்ன இருக்கிறது? எங்கள் அத்தையிடமும் ஒரு பழைய பார்பி உண்டு. முதுகுப் பக்கம் 1966 என்று போட்டிருக்கிறது. அதுவும் இந்த வகைதானா?

பதில்:

அத்தையின் பொம்மையிலிருந்தே தொடங்குகிறேன், பலரும் அங்கேதான் ஏமாறுகிறார்கள். பார்பியின் உடம்பில் அச்சாகியிருக்கும் ஆண்டு, அந்த உடம்பின் வடிவத்துக்கு, பார்பியைத் தயாரிக்கும் மாட்டல் நிறுவனம் பதிப்புரிமை எடுத்த ஆண்டு. பொம்மை செய்த ஆண்டு இல்லை. இடுப்பு திரும்பும் உடம்பு 1967இல் விற்பனைக்கு வந்தது. அதில் 1966 என்று பொறித்தார்கள். அதே பொறிப்போடு 1990கள் வரை பொம்மைகள் வந்துகொண்டே இருந்தன. ஆகவே 1966 என்ற எண்ணை வைத்து, அது 1961இன் இந்த வகை இல்லை என்று மட்டும் சொல்லலாம், எந்த ஆண்டுப் பொம்மை என்று சொல்ல முடியாது. பின்கழுத்தில் முடியை விலக்கிப் பாருங்கள், அங்கே வேறொரு ஆண்டு இருக்கலாம். 1976 என்றிருந்தால், பல்லைக் காட்டிச் சிரிக்கும் 'சூப்பர்ஸ்டார்' முகம், 1977 முதல் வந்தது. அப்புறம் நாட்டின் பெயர். முதல் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் பார்பி ஜப்பானில்தான் செய்யப்பட்டாள். தைவான், பிலிப்பைன்ஸ், மலேசியா, சீனா எல்லாம் பிறகு வந்தவை. இந்தியா என்றிருந்தால் 80களின் பிற்பகுதிக்கு முன் போக வழியில்லை. அது, இந்தியாவில் பார்பி செய்து விற்ற லியோ மாட்டல் காலத்துப் பொம்மை. எங்கள் தலைமுறை கையில் வைத்து விளையாடியது அதைத்தான்.

சரி, எனக்கு வந்தவளைப் பற்றிச் சொல்கிறேன்.

பார்பி முதன்முதலாக 1959 மார்ச் 9 அன்று நியூயார்க் பொம்மைக் கண்காட்சியில் வைக்கப்பட்டாள். அன்றைய விலை 3 டாலர். தலைமுடியை உயரத் தூக்கிக் குதிரைவாலாகக் கட்டிய அந்த முதல் வடிவத்தைச் சேகரிப்பவர்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிட்டுப் பிரித்து வைத்திருக்கிறார்கள். முதல் இரண்டுக்கும் கருவிழியில் நிறம் தீட்டாமல் வெள்ளையாக விட்டிருப்பார்கள், புருவம் கூரை மாதிரி கூர்மையாக உயர்ந்திருக்கும். ஒன்றாம் நம்பருக்குப் பாதத்தில் ஓட்டை இருக்கும், உள்ளே செம்புக் குழாய். நிற்க வைக்கும் பலகையின் இரண்டு கம்பிகள் அதில் போய் நுழையும். இரண்டாம் நம்பருக்கு அந்த ஓட்டை கிடையாது. 1960இல் வந்த மூன்றாம் நம்பரிலிருந்து கண் நீலமானது, புருவம் வளைந்து மென்மையானது. நான்காம் நம்பரில் பொம்மை செய்யும் வினைல் என்ற பிளாஸ்டிக்கை மாற்றினார்கள். அதற்கு முந்தைய மூன்றும் காலப்போக்கில் வெளுத்துத் தந்த நிறமாகிவிடும், நான்காவது தோல் நிறத்திலேயே நின்றது. 1961இல் வந்த ஐந்தாம் நம்பரில் உடம்பின் உட்பகுதி வெற்றிடமாயிற்று. சிவந்த பழுப்பு முடி முதன்முதலாக வந்ததும் அதில்தான். என்னிடம் வந்திருப்பது அந்தச் சிவந்த முடிக்காரி.

பெட்டியைத் திறந்து எடுத்ததும் முதலில் தோன்றியது, இவ்வளவுதான் கனமா என்பது. நண்பர் ஒருவரிடம் இருக்கும் மூன்றாம் நம்பரை ஒருமுறை கையில் வாங்கியிருக்கிறேன். அது உள்ளே கெட்டியாக, படிக்கல் மாதிரி கனத்தது. இவள் காற்று. கனத்தில்தான் மதிப்பு என்று நினைப்பவர்களுக்கு ஐந்தாம் நம்பர் ஏமாற்றம் தரும். எனக்கு அது குறையாகப் படவில்லை. பாதம் குதிகால் செருப்புக்காக வளைந்தே செய்யப்பட்டது, தானாக நிற்காது. ஸ்டாண்டில் நிறுத்தும்போது கனம் குறைந்தவள் சாயாமல் நிற்கிறாள். அசைவதற்கு ஐந்தே மூட்டுகள்தான். கழுத்து, இரண்டு தோள், இரண்டு தொடை, அவ்வளவே. முழங்கால் மடங்கும் பார்பி வர 1965 வரை ஆயிற்று.

முகம் கடுகடுப்பாக இருக்கிறது என்கிறீர்கள். உண்மைதான். நம் நினைவில் உள்ள பார்பி நேரே பார்த்துச் சிரிப்பவள். இவள் சிரிக்கவில்லை. உதடு சிவப்பாக மூடியிருக்கிறது, கண் நேராகப் பார்க்காமல் ஓரமாகப் பார்க்கிறது, இமைக்கு மேல் நீலம் கனமாகத் தீட்டியிருக்கிறது. இந்த ஓரப் பார்வைக்கு ஒரு கதை உண்டு. பார்பியை உருவாக்கிய, மாட்டலின் ரூத் ஹேண்ட்லர் 1956இல் சுவிட்சர்லாந்து போனபோது அங்கே 'பில்ட் லில்லி' என்ற ஜெர்மன் பொம்மையைப் பார்த்தார். 'பில்ட்' நாளிதழில் வந்த ஒரு கேலிச்சித்திரப் பெண்ணின் உருவம் அது. பெரியவர்களுக்கு வேடிக்கைப் பரிசாகவும் விற்றார்கள். அவள் உடல்வாகும் கண்ணும் அப்படியே பார்பிக்கு வந்தன. லில்லியின் உரிமைகளை மாட்டல் 1964இல் வாங்கியது. கண்ணை நேராகத் திருப்ப மட்டும் 1971 வரை ஆயிற்று, மாலிபு பார்பியில்தான் அது நடந்தது. ஆக, பன்னிரண்டு ஆண்டுக்காலம் இந்தப் பொம்மை தன்னோடு விளையாடும் சிறுமியை நேருக்கு நேர் பார்த்ததே இல்லை. அலமாரியில் வைத்த முதல் இரண்டு நாள் எனக்கே அது உறுத்தியது. என்னைத் தாண்டி வாசலில் யாரோ வந்திருப்பதைப் பார்க்கிற மாதிரி. இப்போது பழகிவிட்டது. சிரிக்கிற பொம்மைக்கு எந்த உடை போட்டாலும் முகம் ஒரே மாதிரிதான். இவளுக்கு வீட்டு உடை போட்டால் அலுப்பு தெரிகிறது, மாலை விருந்து உடை போட்டால் அதுவே மிடுக்காகிவிடுகிறது. முகத்தில் எதையும் எழுதாமல் விட்டதால்தான் உடை பேசுகிறது என்று நினைக்கிறேன்.

உங்கள் 'என்ன இருக்கிறது' என்ற கேள்விக்கு என் பதிலும் உடையில்தான் இருக்கிறது.

இவள் 'சபர்பன் ஷாப்பர்' என்ற உடுப்பில் வந்தாள். வரிசை எண் 969. 1959 முதல் 1964 வரை விற்ற உடுப்பு. நீலமும் வெள்ளையும் கோடு போட்ட பருத்திச் சட்டை, அகலமான வைக்கோல் தொப்பி, பழங்கள் நிறைந்த பை, இளஞ்சிவப்புத் தொலைபேசி எல்லாம் சேர்ந்ததுதான் முழுச் செட். எனக்கு வந்தது சட்டையும் தொப்பியும் மட்டும். பழமும் போனும் எந்தச் சிறுமியின் வீட்டுக் குப்பையில் என்றைக்குப் போயிற்றோ. தொலைபேசியை மட்டும் தனியாக விற்பவர்கள் இருக்கிறார்கள். கேட்கிற விலையைப் பார்த்தால் நிஜ போனே வாங்கிவிடலாம் போலிருக்கிறது.

சட்டையை உள்புறம் திருப்பிப் பாருங்கள் என்று யாரிடம் கொடுத்தாலும் சொல்கிறேன். பொம்மைச் சட்டையில் ஓரத்தை அப்படியே விட்டுவிடுவார்கள், போட்டால் வெளியே தெரியப்போவதில்லை. இதில் ஓரம் மடித்து அடித்திருக்கிறது. தையல் அவ்வளவு நெருக்கம், சட்டைக்குள் வெள்ளைத் துணியில் பெயர் நெய்த சின்ன லேபிள். அந்தக் காலத்து மற்ற உடுப்புகளில் உலோக ஜிப், நகக்கண் அளவு பிரஸ் பட்டன், லைனிங், சிலவற்றில் நிஜமாகவே பட்டன் போட்டுக் கழற்றும் காஜாகூட உண்டு. இவற்றை வடிவமைத்தவர் ஷார்லட் ஜான்சன். அமெரிக்க ஆடைத் தொழிலில் இருந்தவர். மாட்டல் அவரை ஜப்பானுக்கு அனுப்பியது. அங்கே இருந்துகொண்டு துணி தேடி, மாதிரி தைத்துப் பார்த்து முதல் வரிசை உடுப்புகளை அவர் உருவாக்கினார். தைத்தவர்களில் பெரும்பகுதி ஜப்பானிய இல்லத்தரசிகள், வீட்டிலிருந்தபடி கூலிக்குத் தைத்தவர்கள். ஒருவர் பெயரும் எந்த லேபிளிலும் இல்லை. உடுப்பு ஒன்றின் விலை அன்று 1 டாலரிலிருந்து 5 டாலர் வரை. பொம்மை 3 டாலர், அவள் சட்டை 5 டாலர். மாட்டல் எதை விற்றுச் சம்பாதித்தது என்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது.

இந்தத் தையலை ஏன் இவ்வளவு தூக்கிப் பேசுகிறேன் என்றால், பொம்மைக்குத் தைப்பதில் ஒரு தொல்லை உண்டு. நீங்கள் நவராத்திரிக்கு மரப்பாச்சிக்குப் புடவை கட்டிவிட்டிருந்தால் உங்களுக்கே தெரிந்திருக்கும். பட்டுத்துண்டை எடுத்துக் கொசுவம் வைத்தால் அது விழாது, விசிறி மாதிரி முன்னால் விரைத்துக்கொண்டு நிற்கும். என் பாட்டி நூலால் இறுக்கிக் கட்டி, ராத்திரி முழுக்க மேலே கனமான புத்தகத்தை வைத்து அழுத்துவாள். காரணம் எளிது. பார்பியின் உயரம் சுமார் 29 சென்டிமீட்டர். ஆறால் பெருக்கினால் ஐந்தேமுக்கால் அடிப் பெண். அப்படியானால் ஐந்தரை மீட்டர் புடவை அவளுக்கு 92 சென்டிமீட்டர் போதும். நீளத்தை ஆறால் வகுத்துவிடலாம், நூலின் தடிமனை வகுக்க முடியாது. நமக்கு மெல்லிய மல் துணியாக இருப்பது அவளுக்குப் போர்வை. இடுப்பில் பாவாடைச் சுருக்கம் ஓர் அடுக்கு, பட்டி ஓர் அடுக்கு, லைனிங், ஜிப் என்று சேரும்போது, இடுப்பு மனித விகிதத்தில் இருந்தால் தலையணை கட்டிய மாதிரி ஆகிவிடும். பார்பியின் இடுப்பு நம்ப முடியாத அளவுக்கு மெலிந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அவளை வெறும் உடம்பாகப் பார்த்தால் விகாரம், சட்டை போட்டால் சரியாகிவிடுகிறது. அந்த இடுப்பைப் பற்றிய மற்ற விமர்சனங்களை நான் மறுக்கவில்லை. இங்கே தையல்காரியின் கண்ணால் மட்டும் சொல்கிறேன்.

ஜான்சன் இதைச் சமாளித்த விதம் இந்தச் சட்டையிலேயே தெரிகிறது. கோடு மெல்லிசு, அவள் அளவுக்குப் பொருந்துகிற கோடு. பெரிய மனிதர் சட்டைத் துணியை வெட்டித் தைத்திருந்தால் கோடு கட்டிலின் கம்பி மாதிரி இருந்திருக்கும். பாவாடையில் சுருக்கம் நிறைய, ஆனாலும் துணி அவ்வளவு மெல்லியதாக இருப்பதால் கீழே விழுகிறது, விரைக்கவில்லை. அறுபது ஆண்டு தாண்டியும் அந்த வீழ்ச்சி போகவில்லை. இன்று கடையில் கிடைக்கும் சாதாரணப் பார்பியின் சட்டை பின்னால் ஒட்டுப்பட்டியில் (வெல்க்ரோ) முடிகிறது. குழந்தை தானே மாட்டிக் கழற்ற அது வசதி, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நான் காசு கொடுப்பது அதற்கு இல்லை.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன், மறைப்பதில் பயனில்லை.

விற்றவர் காது சுத்தமாக இருக்கிறது என்று எழுதியிருந்தார். பெயரைச் சொல்வதில் பிரயோஜனமில்லை. அனுப்பிய படங்கள் எல்லாமே வெளிச்சம் முகத்தில் விழ, காது நிழலில் இருக்கிறபடி எடுத்தவை. அதை அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். பெட்டியிலிருந்து எடுத்து முடியை ஒதுக்கினால் இடது காதைச் சுற்றி மிளகு அளவுக்குப் பச்சை. சேகரிப்பவர்கள் 'பச்சைக் காது' என்பார்கள். நம் வீட்டில் பித்தளைப் பாத்திரத்தில் பிடிக்குமே களிம்பு, அதேதான். முத்துத் தோட்டின் தண்டில் செம்பு கலந்த உலோகம் இருக்கிறது. வினைல் பழசாகப் பழசாக உள்ளிருந்து அமிலத்தன்மை கசிகிறது. இரண்டும் சேர்ந்து பச்சை உப்பாகி, வினைலுக்குள்ளேயே பரவுகிறது. மேலே படிந்த அழுக்கென்றால் துடைக்கலாம், இது உள்ளே ஊறிய கறை. பணத்தைத் திருப்பிக் கேட்டுச் சண்டை போட்டதில் பத்தில் ஒரு பங்கு திரும்பி வந்தது. அதோடு விட்டுவிட்டேன்.

இதற்கு ஒரு வைத்தியம் உண்டு. முகப்பருவுக்குப் போடும் பென்சாயில் பெராக்சைடு களிம்பை அந்த இடத்தில் பூசி வெளிச்சத்தில் வைப்பார்கள். நாட்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்தால் பச்சை மங்கும். நம் மருந்துக் கடைகளிலும் அது கிடைக்கிறது. ஆனால் பச்சையை வெளுப்பது அதே வேகத்தில் தோல் நிறத்தையும் வெளுக்கும். அவசரப்பட்டவர்களின் பொம்மையில் காதைச் சுற்றி வெண்குஷ்டம் மாதிரி வட்டம் விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். உள்ளே மிச்சமிருக்கும் கறை சில மாதம் கழித்து மேலே திரும்பி வருவதும் உண்டு. அதனால் நான் கை வைக்கவில்லை. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் காதில் ஒற்றி, வினைல் கொஞ்சம் இளகியதும் தோட்டை மெதுவாக உருவி எடுத்துவிட்டேன். இனி கறை வளர உலோகம் இல்லை. தோடு தனியாகச் சின்னப் பொட்டலத்தில் இருக்கிறது. படம் எடுக்கும்போதுகூடப் போடுவதில்லை.

அடுத்தது முகத்தில் எண்ணெய்ப் பிசுக்கு. ஐந்தாம் நம்பரில் இது அடிக்கடி வரும் நோய். வினைல் மிருதுவாக இருக்க அதில் கலந்த எண்ணெய் போன்ற பொருள் மெல்ல வெளியே வருகிறது. துடைத்தால் போகும், ஒரு கோடைகாலம் தாண்டினால் மறுபடி மினுமினுக்கும். மிதமான சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றினாலே போதும். ஸ்பிரிட், நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கம் போய்விடாதீர்கள், புருவம் துணியோடு வந்துவிடும். என்னுடையவளுக்கு நெற்றியிலும் மூக்கிலும் லேசாக இருக்கிறது. சென்னை மே மாதத்தில் எனக்கும் அப்படித்தான் இருக்கிறது.

முடி நன்றாக இருக்கிறது, அது என் அதிர்ஷ்டம். நெற்றியில் சுருள் கலையவில்லை, குதிரைவாலின் நுனிச் சுருட்டை அப்படியே கெட்டியாக இருக்கிறது. குதிரைவாலை அவிழ்த்துச் சீவ ஆசை வரும், அந்த ஆசையை அடக்க வேண்டும். தலை முழுக்க முடி நட்டிருக்க மாட்டார்கள். ஓரத்தைச் சுற்றியும் உச்சியிலும்தான் நட்டிருப்பார்கள். அவிழ்த்தால் இடையில் சொட்டை தெரியும், பழையபடி கட்டவும் வராது. கட்டு அவிழாமல் வந்த பொம்மைக்குத் தனி விலை இருப்பது அதனால்தான். சிவப்பு நகப்பூச்சு இரண்டு விரலில் உதிர்ந்திருக்கிறது. அதைத் திரும்பப் பூச மாட்டேன். பூசியவர்கள் கையில் பொம்மையின் விலை குறைந்ததைத்தான் பார்த்திருக்கிறேன்.

விலை கொடுக்கலாமா என்றால், எதற்காக வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஒன்றாம் நம்பரின் விலைக்கு ஐந்தாம் நம்பர்கள் பலவற்றை வாங்கிவிடலாம். 1959இன் முகம் எப்படி இருந்தது என்று பார்க்க மட்டும் ஆசையென்றால் மாட்டலே மறுபதிப்புகள் போட்டிருக்கிறது, முதலாவது 1994இல் வந்தது. தையலுக்காக வாங்குகிறீர்கள் என்றால் பொம்மையை விட்டுவிட்டு, தலை கெட்டுப்போனவளோடு வரும் பழைய உடுப்புகளைத் தேடுங்கள். பொம்மையைத்தான் வாங்குவது என்று முடிவானால், முடியை ஒதுக்கி இரண்டு காதையும் பகல் வெளிச்சத்தில் எடுத்த படம், கழுத்துக் குழி பிளந்திருக்கிறதா என்று தலையைச் சாய்த்து எடுத்த படம், உச்சி முடிச்சின் படம், இந்த மூன்றையும் பணம் அனுப்பும் முன் கேட்டு வாங்குங்கள். விற்பவர் தயங்கினால் விட்டுவிடுங்கள்.

நம் ஊர்க் காற்றில் வைத்துக்கொள்வது இன்னொரு வேலை. வெயில் படாத, சமையலறைச் சூடு வராத அலமாரி வேண்டும். பிளாஸ்டிக் பையில் இறுக்கிச் சுற்றி வைத்தால் கசிவு உள்ளேயே தங்கிவிடும். கறுப்பு, சிவப்புத் துணியை மாதக்கணக்கில் உடம்போடு விட்டால் சாயம் வினைலில் ஏறும், நடுவில் துவைத்த வெள்ளைப் பருத்தித் துணி வைக்க வேண்டும். மிருதுவான செருப்புகளைக் கெட்டிப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டால் டப்பாவின் அடி உருகி ஒட்டிக்கொள்ளும். எனக்கு ஒரு ஜோடி அப்படிப் போயிற்று, கண்ணாடிக் குப்பி நல்லது. கொலுப்படியில் வைக்கலாமா என்று என் தங்கை கேட்டாள். ஒன்பது நாள் விளக்குச் சூட்டில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. லியோ மாட்டல்காரி இருக்கிறாளே, அவள் எத்தனையோ கொலுவைப் பார்த்தவள், அவளே இந்த வருஷமும் நிற்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

அத்தையின் பொம்மைக்குத் திரும்பினால், பின்கழுத்து ஆண்டையும் நாட்டின் பெயரையும் பார்த்துச் சொல்லுங்கள். இடுப்பு திரும்புகிறதா, முழங்கால் மடித்தால் உள்ளே 'டக்' என்று சத்தம் வருகிறதா என்பதையும் பாருங்கள். ஜப்பான் என்றிருந்து இடுப்பும் திரும்பினால் அது 60களின் கடைசி, 70களின் தொடக்கத்துப் பொம்மையாக இருக்க வாய்ப்பு நிறைய. அதுவரை யாரும் அவள் தலையைக் கழற்றிப் பார்க்க வேண்டாம். காதில் தோடு இருந்தால் மட்டும் இன்றைக்கே எடுத்துவிடச் சொல்லுங்கள்.